லயத்து முகவரியில் ஒரு தையல் கடை: இலவச இணையப் பக்கச் சேவையோடு 11 மாதம்

நான் தையல்காரி. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் நோர்வூட்டில் ரோட்டோரமாக ஒரு அறை, இரண்டு மெஷின், ஒரு ஓவர்லொக், ஓர் இஸ்திரிப் பெட்டி. 14 வருஷமாக இதுதான் பிழைப்பு. இணையச் சேவையைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்களிடம் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2024 தீபாவளிக்கு 19 நாள் இருக்கும்போது என் கடையின் லிங்க்கை ஒரு சமூக வலைத்தளம் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

பக்கம் கொடுத்த சேவையின் பெயரையும் பூட்டிய தளத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஈமெயில் ஒன்றைக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் பக்கம் தரும் சேவைகள் ஏகப்பட்டது இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை. நான் சொல்வது அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

எனக்கு எதற்குப் பக்கம் என்று முதலில் சொல்லவேண்டும். என்னிடம் தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் இந்த ஊரில் இல்லை. குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலைக்குப் போன அம்மாமார். பிள்ளைகள் இங்கே அம்மாச்சியோடு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் இருக்கும். தீபாவளிக்கு மகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்துக் கொடுங்கள் என்று அங்கிருந்து வொய்ஸ் மெசேஜ் வரும். அளவு கேட்டால் "ஏழு வயசு, ஆனா கொஞ்சம் ஒல்லி" என்பார்கள். பிள்ளையைப் பார்த்து இரண்டு வருஷமாகியிருக்கும். அம்மாச்சிக்குப் போன் பண்ணினால் "முழங்காலுக்குக் கீழ ஒரு சாண்" என்பார். யாருடைய சாண்? 2023 தீபாவளிக்கு 38 உருப்படி தைத்தேன். அதில் ஆறு அளவு பிழைத்து, பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒன்றைப் பிரிக்கக்கூட வழியில்லை. கையிலிருந்து காசு போட்டுப் புதுத் துணி வாங்கினேன்.

அந்தத் தீபாவளி முடிந்த கையோடு, கொமியுனிகேஷன் கடைத் தம்பி இந்த இலவசப் பக்கத்தைப் போட்டுக் கொடுத்தார். போட்டோ கொப்பி, ரீலோட், போம் நிரப்புவது எல்லாம் அவர் கடையில்தான். பக்கத்தில் ஒரு படிவம். தோள், மார்பு, இடுப்பு, பாவாடை உயரம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் எங்கே அளப்பது என்று என் அக்கா மகளை நிறுத்தி எடுத்த படம், முகம் தெரியாமல். "அளவு நாடா இல்லையென்றால் நூலால் அளந்து, அந்த நூலைப் பள்ளிக்கூட அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். இதை வாசித்தவர்கள் ஒரு அளவும் பிழைவிடவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

நல்லதை மறைக்கக்கூடாது. பக்கம் லேசானது. எங்கள் ஊரில் சிக்னல் இரண்டு கோடு இருந்தாலே பெரிது. அதிலும் படம் இறங்கியது. படிவம் நிரப்பியதும் எனக்கு ஈமெயில் வரும். சாமத்தில் குவைத்திலிருந்து வந்த ஓடரைக் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது பார்ப்பேன். தமிழும் பரவாயில்லை. ஆனால் தலைப்புக்கு அவர்கள் வைத்திருந்த அழகு எழுத்தில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றது, நடுவில் ஒரு புள்ளி வட்டம். சாதாரண எழுத்துக்கு மாற்றிக்கொண்டோம். பக்கத்தின் அடியில் அவர்களுடைய விளம்பரப் பட்டை ஒன்று ஓடும். ஒருமுறை அதில் "ஐந்து நிமிஷத்தில் கடன்" என்று வந்தது. என் பக்கத்தில் கடன் விளம்பரமா என்று கோபம் வந்தது. சும்மா கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதா என்று விட்டுவிட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் பல்லைப் பார்த்திருக்கலாம்.

முகவரி எப்படி இருக்கும் என்றால், முன்னால் என் கடைப் பெயர், அப்புறம் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் அந்தச் சேவையின் பெயர். இந்த வால்தான் பிரச்சினை என்பது பிறகுதான் தெரிந்தது.

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை. தோட்டத்தில் தொழிலாளருக்குத் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு எழும்பியிருந்தது. எங்கள் வியாபாரத்துக்கு அந்த அட்வான்ஸ்தான் நாள், நட்சத்திரம் எல்லாம். அதற்கு முந்திய இரண்டு கிழமையில் மட்டும் பக்கம் வழியாக 23 ஓடர் வந்துவிட்டது. அன்றைக்குப் புதுப் பாவாடைத் துணிகளைப் படம் பிடித்து, லிங்க்கோடு போடப் போனேன். போகவில்லை. "இந்த இணைப்பு எங்கள் விதிகளுக்கு எதிரானது" என்று வந்தது. சிக்னல் பிழை என்று நினைத்து மூன்று தரம் அமத்தினேன். அரை மணித்தியாலத்தில் பழைய பதிவுகளும் போய்விட்டன. 11 மாதமாகப் போட்டது, கீழே அம்மாமார் "என் மகளுக்கு நல்லா இருந்துச்சு அக்கா" என்று எழுதியது, பிள்ளைகளின் படம், எல்லாம்.

என் பதிவு போனது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்வேன். என் லிங்க்கைப் பகிர்ந்திருந்த பெண்களுக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது. எனக்குத் தெரிந்து எட்டுப் பேருக்கு. குவைத்திலிருந்து ஒரு பிள்ளை அழுதுகொண்டே பேசியது: "அக்கா, என் எக்கவுண்ட மூடிருவாங்களா? இதுலதான நான் புள்ளையப் பாக்குறேன்." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் நாத்தனார் வேறு மாதிரி. "என்னத்தப் போட்டுத் தொலைச்ச? அசிங்கமான படம் போட்டாத்தான் இப்படி வருமாமே" என்று கேட்டார். பாவாடை சட்டை போட்டேன், வேறென்ன.

2018 மார்ச்சில் திகன கலவரம் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நாடு முழுக்க நிறுத்திவைத்தது ஞாபகம் இருக்கும். அப்போது எல்லார் வீட்டிலும் இருட்டு, யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. இது அப்படியில்லை. ஊரெல்லாம் விளக்கு எரிய என் வாசலில் மட்டும் ஃபியூஸைப் பிடுங்கினது மாதிரி.

தம்பியிடம் ஓடினேன். அவர் என் பக்கத்தை முழுக்கப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பிறகு வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் முகவரியைப் போட்டார். அது 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012இலிருந்து கூகுள் கையில். ஒரு லிங்க்கைக் கொடுத்தால் எழுபதுக்கு மேற்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களின் பட்டியலில் ஒரே தடவையில் தேடிப் பார்க்கும், காசு இல்லை. என் பக்கத்துக்கு யாரும் குறை சொல்லவில்லை. முன்னால் இருந்த என் கடைப் பெயரை வெட்டிவிட்டு, வாலை மட்டும் போட்டார். சிவப்பாக வரிசையாக வந்தது.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அக்கா, ஜூலை மாசம் மேல் லயத்துப் பெரியம்மாவுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருக்காமலா. பெரியம்மாவின் மகள் சவூதியில். வங்கிக் காட் பெரியம்மா கையில். ஜூலையில் ஒருநாள் போனுக்கு எஸ்எம்எஸ்: உங்கள் பார்சல் வந்திருக்கிறது, முகவரி பிழையாக இருப்பதால் கொடுக்க முடியவில்லை, இந்த லிங்க்கில் முகவரியைச் சரிசெய்து சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று. தபால் திணைக்களத்தின் பெயரைச் சொல்லி நாடு முழுக்க வந்த அதே மோசடிதான். நாங்கள் அப்படி எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை என்று திணைக்களமே எச்சரித்திருந்தது. பெரியம்மாவுக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் போகும்? பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, காட் இலக்கத்தைப் போடச் சொல்லி, வந்த ஓடிபியையும் போட்டாயிற்று. கேட்டது நூறு ரூபாய்க்குள். போனது 46,000 ரூபாய். மகள் அனுப்பிய இரண்டு மாதக் காசு.

கொழும்பில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் "இப்படியும் ஏமாறுவார்களா" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. முகவரி பிழை என்று சொன்னால் எங்கள் சனம் நம்பும், ஏனென்றால் எங்கள் முகவரி உண்மையிலேயே அரைகுறை. லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. இன்னாருடைய மகள், மேல் டிவிஷன், இன்ன தோட்டம், நோர்வூட். அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது மேலே போகிறவர் கையில் வரும், அல்லது வராது. எனக்கு 19 வயதில் ஒரு தையல் பயிற்சிக்கு நேர்முகக் கடிதம் வந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கடிதத்தை மற்றவர் பிரிப்பார். அப்படி வளர்ந்த ஒரு மனுஷியிடம் "உங்கள் முகவரி சரியில்லை, அதனால் பார்சல் நிற்கிறது" என்று சொன்னால் அவர் ஏன் சந்தேகப்படவேண்டும்? கள்ளன் யாரையும் குறிவைத்து எழுதியிருக்கமாட்டான். ஆனாலும் எங்களுக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது.

பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தது தம்பி. அதனால் அந்த எஸ்எம்எஸ்ஸின் படம் அவர் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினார். லிங்க்கின் முன்பக்கம் ஏதோ தபால் மாதிரி ஒரு பெயர். புள்ளிக்குப் பின்னால் என் கடைக்கு இருந்த அதே வால்.

அதைப் பார்த்ததும் என் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. பெரியம்மாவின் காசைத் தின்றவனும் நானும் ஒரே லயத்தில் குடியிருந்திருக்கிறோம்.

தம்பி விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். காசு வாங்காத, ஆளைக் கேட்காத சேவை என்றால் என்னைப் போன்றவள் ஒரு பக்கம் போடுவாள். மோசடிக்காரன் மெஷின் வைத்து நூற்றுக்கணக்கில் போடுவான். ஒன்றை மூடினால் அடுத்தது தயார். தளங்கள் ஒவ்வொரு லிங்க்காகத் தடுக்கப் போனால் கொழுந்து மலையில் அட்டையை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற கதைதான். இதைப் பிடுங்குவதற்குள் அடுத்தது கெண்டைக்காலில் ஏறியிருக்கும். அதனால் கொழுந்து எடுக்கிறவர்கள் காலையிலேயே கால் முழுக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்குகிறார்களே, அப்படித் தளங்களும் வால் முழுவதையும் தடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. சில மோசடிப் பக்கங்கள் ஆளுக்கேற்ற வேஷம் போடும். சோதனை மெஷின் வந்து பார்த்தால் ஏதோ பூக்கடை மாதிரித் தெரியும். இலங்கைப் போனில் திறந்தால்தான் தபால் சின்னம் வரும். அதனால் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தடுப்பது லேசான வேலை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இப்படி நடப்பது புதிதும் இல்லை. 2011இல் கூகுள், கோ.சிசி என்று முடிகிற இலவச முகவரிகள் ஒரு கோடிக்கு மேல் இருந்ததைத் தேடலிலிருந்து ஒரேயடியாகத் தூக்கிவிட்டது. அதில் எத்தனை தையல் கடை இருந்ததோ. டொட் டிகே, டொட் எம்எல் என்று முடிகிற முகவரிகளை இலவசமாகக் கொடுத்த ஃப்ரீனொம் என்ற நெதர்லாந்துக் கம்பனி மேல் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா வழக்குப் போட்டது. 2023 தொடக்கத்தில் அவர்கள் புதுப் பதிவை நிறுத்தினார்கள், 2024 பெப்ரவரியில் அந்த வியாபாரத்தையே விட்டுப் போவதாக அறிவித்தார்கள். டொட் டிகே என்பது டோகெலாவ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தின் பெயர். அந்தத் தீவுக்காரரின் பெயரை வைத்து உலகத்துக் கள்ளர் எல்லாம் கடை போட்டிருக்கிறார்கள். கெட்ட பெயர் யாருக்கு?

இதற்கு ஒரு மருந்து இருக்கிறதாம். ஃபயர்பொக்ஸ் உலாவியைச் செய்கிற மொசில்லாக்காரர் தொடங்கிவைத்த ஒரு பொதுப் பட்டியல். இந்த வாலுக்கு முன்னால் இருப்பவை எல்லாம் தனித்தனி ஆட்களின் வீடு, ஒருவரை வைத்து மற்றவரை எடைபோடாதீர்கள் என்று அதில் பதிந்துவைக்கலாம். பிளாக்ஸ்பொட், கிட்ஹப் என்று இலவசமாகப் பக்கம் தருகிற பெரிய சேவைகள் அதில் இருக்கின்றன. லயத்துக்கு வீட்டு இலக்கம் போடுகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்த சேவை அதில் இல்லை. பதிந்தால் எல்லாத் தளமும் அதை மதித்து நடக்கும் என்று உறுதி கிடையாது, ஆனால் பதியாமல் இருந்ததற்கு என்ன சாக்கு? பதினொரு மாதம் என் பக்கத்தின் அடியில் விளம்பரம் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாதா? அவர்களுக்கு நான் எழுதிய மூன்று ஈமெயிலுக்கும் ஒரே பதில்: உங்கள் பக்கம் நன்றாகத்தான் வேலை செய்கிறது. செய்கிறதுதான். வாசலை அடைத்துவிட்டால் உள்ளே விளக்கு நன்றாக எரிந்து என்ன?

பூட்டிய தளத்தைப் பற்றி. தடுத்தது பிழை என்று நான் சொல்லவில்லை. பெரியம்மாவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தடுத்த விதம்! ஏன் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் குற்றம் இல்லை, நீங்கள் இருக்கும் இடத்தில்தான் குற்றம் என்று ஒரு வரி போட்டிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்பேன். என் போனில் எல்லாம் தமிழில் வரும், பூட்டினதும் தமிழில்தான் வந்தது. முறையிடுகிற இடத்துக்குப் போனால் மட்டும் இங்கிலிஷ். தம்பி எழுதித் தந்து நாலு தடவை அனுப்பினேன். பதில் இல்லை. இருபத்தாறாவது நாள், நவம்பர் 7, சும்மா போட்டுப் பார்த்தேன், லிங்க் போனது. திறந்துவிட்டோம் என்றும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து ஒரு கிழமை. அடைத்த நாளிலிருந்து தீபாவளி வரைக்கும் பக்கம் வழியாக வந்த ஓடர் ஒன்பது.

அந்தத் தடையால் பெரியம்மா மாதிரி ஒருவராவது தப்பினாரா என்பதையும் யோசிக்கிறேன். பெரியம்மாவுக்கு வந்தது எஸ்எம்எஸ்ஸில். சமூக வலைத்தளம் தன் வாசலைத்தான் அடைத்தது. கள்ளன் வந்தது பின்பக்கத்தால்.

அந்த 19 நாளில் நான் செய்த கோமாளித்தனங்களையும் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் மிஞ்சும். லிங்க்கைச் சுருக்கிக் கொடுக்கும் சேவை ஒன்றில் போட்டேன். இரண்டு நாள் அது தடையில்லாமல் போனது, பிறகு அதுவும் நின்றது. சுருக்கிய லிங்க் கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று தளம் பின்னாலேயே போய்ப் பார்க்கும், ஏமாற்ற முடியாது. போதாததற்கு, சுருக்கிய லிங்க் என்றாலே சந்தேகப்படுவார்கள். அடுத்து, முகவரியில் புள்ளிக்குப் பதில் "புள்ளி" என்று எழுத்தில் போட்டேன். ஒருவர் அப்படியே தமிழில் "புள்ளி" என்று அடித்துத் தேடியிருக்கிறார். அப்புறம் கியூஆர் கட்டத்தைப் படமாகப் போட்டேன். அது அவர்கள் போனுக்குள்ளேயே இருக்கிற படம். அதை அதே போனால் எப்படி ஸ்கேன் பண்ணுவது? "அக்கா, கண்ணாடி முன்னால புடிச்சுப் பாக்கட்டா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கேலிக்குக் கேட்டதா உண்மையாகக் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் படிவத்தை வெள்ளைத் தாளில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதுதான் கொஞ்சமாவது கைகொடுத்தது.

டிசம்பரில் சொந்தமாக ஒரு டொட் எல்கே பெயர், அதாவது இலங்கைக்குரிய வாலோடு முடிகிற முகவரி, வாங்கினேன். டொட் எல்கே பதிவகம் 1990இலிருந்து இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் ஆசைப்பட்டது வேறு. 2010இலிருந்து நம் நாட்டுக்கு டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரி உண்டு. கடைப் பெயரும் தமிழ், வாலும் தமிழ்! வேண்டாம் என்று தம்பி தலையை ஆட்டினார். தமிழ் முகவரியை அனுப்பினால் சில இடங்களில் அது எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு, பிறகு வாயில் நுழையாத இங்கிலிஷ் எழுத்துகளாக மாறித் தெரியுமாம். உள்ளே அது அப்படித்தான் எழுதப்படுகிறதாம். பார்க்கிறவர்களுக்கு அதுதான் அசல் மோசடி லிங்க் மாதிரி இருக்கும். சொந்தப் பாஷையில் எழுதினால் கள்ளன் மாதிரித் தெரியும் என்றால் என்ன செய்வது, விட்டுவிட்டேன். மனசு ஆறவில்லை.

ஒரு வருஷத்துக்குப் பெயருக்குக் கட்டியது நாலு பிளவுஸ் தைக்கிற கூலிக்குள் அடங்கும். பக்கம் வைக்க இடத்துக்கு மாதாமாதம் ஒரு சின்னத் தொகை. படிவத்தை அப்படியே மாற்றித் தர தம்பி காசு வாங்கவில்லை. அவர் தங்கச்சியின் கல்யாணச் சாறிக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்தேன். புதுப் பெயர் என்றால் உடனே நம்பிவிடமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோசடிக்காரரும் நேற்றுப் பதிந்த பெயரைத்தான் இன்றைக்குப் பாவிக்கிறார்கள் என்பதால், புதுப் பெயரைக் கொஞ்சநாள் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதனால் சீசனுக்கு ஒரு கிழமைக்கு முன் வாங்காதீர்கள். நான் டிசம்பரில் வாங்கியது தைப்பொங்கலுக்கு உதவவில்லை, சித்திரை வருஷப் பிறப்புக்கு உதவியது. 2025 தீபாவளி ஒக்டோபர் 20. மொத்தம் 58 ஓடர், அதில் 41 பக்கம் வழியாக. லிங்க் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். பெரியம்மா திறந்த பக்கமும் அந்தப் பூட்டுப் போட்டதுதான். அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிப் பத்து வருஷமாகிறது. போகிற வழியில் வேறொருவன் எட்டிப் பார்க்கமாட்டான் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். போய்ச்சேருகிற இடத்தில் கள்ளன் உட்கார்ந்திருந்தால் அவனிடம் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். கூகுள் குரோமே 2023இல் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. பார்க்கவேண்டியது முகவரியின் வாலை, அதுவும் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்வுக் கோட்டை விட்டு, அடுத்து வரும் முதல் சாய்வுக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதை. அந்த வாலுக்கு முன்னால் என்ன பெயரும் எழுதலாம். லயத்துச் சுவரில் "பங்களா" என்று எழுதிவிட்டால் அது பங்களாவா?

இனி மதிப்பெண். இலவசப் பக்கச் சேவைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் இரண்டு கோடு சிக்னலில் திறந்ததற்கும் காலையில் ஒழுங்காக ஈமெயில் வந்ததற்கும். கோயில் திருவிழா அறிவித்தல், பள்ளிக்கூட ஒன்றுகூடல் என்று ஒரு கிழமைக்கு வேண்டுமானால் தாராளமாகப் பாவியுங்கள். அதில் சோறு சமைக்கப் போகாதீர்கள். சமூக வலைத்தளத்தின் தடைக்கு மூன்று, தடை செய்த விதத்துக்குப் பூச்சியம். சராசரி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. டொட் எல்கேக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது எக்ஸ்என்னுக்காக, அது அவர்கள் பிழை இல்லையென்றாலும்.

மேல் லயத்துப் பெரியம்மா இப்போது எந்த லிங்க்கையும் தொடுவதில்லை, என்னுடையதையும்தான். சவூதியிலிருந்து மகள் படிவத்தை அனுப்பி "நிரப்பும்மா" என்றாலும் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு 112 படி இறங்கிக் கடைக்கே வந்துவிடுகிறார். "நீயே அளந்துக்க" என்பார். நான் அளந்து, நானே என் படிவத்தில் நிரப்பி, எனக்கே அனுப்பிக்கொள்கிறேன். அந்த 41இல் அதுவும் ஒன்று, நேர்மையாகச் சொன்னால் 40 என்றுதான் எழுதியிருக்கவேண்டும்.

பெயரைப் புதுப்பிக்கவேண்டியது டிசம்பர் 9. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன். மறந்தால் அந்தப் பெயர் திரும்பச் சந்தைக்குப் போகும், யாரும் எடுக்கலாம். நல்ல பெயர் எடுத்த பழைய முகவரிகளை இப்படிக் காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களாம். தம்பி போனிலும் அலாரம் வைத்திருக்கிறார். அந்தப் பழைய இலவசப் பக்கத்தை அழிக்கத்தான் இன்னும் முடியவில்லை. அழிக்கிற பட்டனை அமத்தினால் கடவுச்சொல் கேட்கிறது, கடவுச்சொல்லை அனுப்பினேன் என்று சொல்கிறது, ஈமெயில் வருவதில்லை.